ஹெட் யூனிட்டை மாற்ற முடியாது. வால்யூம் கூட்டினால் சப்வூஃபரில் டீப் பேஸ் மறைந்துவிடுகிறது

வளைவுசாலை எழுதியது:

வண்டியோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்ற வழியில்லை. ஏசி கட்டுப்பாடு, பின்கேமரா, வண்டியின் செட்டிங்ஸ் எல்லாமே அந்தத் திரைக்குள் இருக்கின்றன. அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு சப் சேர்த்திருக்கிறது. விவரம்:

சப்: 12 அங்குலம், ஒற்றைக் காயில் (கோனை, அதாவது அதிரும் கூம்பை, அசைக்கும் கம்பிச்சுருள்), 4 ஓம், 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்).
ஆம்ப்: மோனோ கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை), 4 ஓமில் 300 வாட். ஹை-லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரையே நேராக மாட்டும்) சாக்கெட் இருக்கிறது, பயன்படுத்தவில்லை.
பெட்டி: ரெடிமேட் போர்ட்டட் (காற்று போய்வரக் குழாய் வைத்தது), உள்ளளவு சுமார் 50 லிட்டர். வட்டக் குழாய் ஒன்று, விட்டம் 10 செ.மீ., நீளம் 18 செ.மீ.
சிக்னல்: பின்கதவு ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சாதாரண எல்ஓசி (ஸ்பீக்கர் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் சின்னப் பெட்டி) வழியாக ஆம்பின் ஆர்சிஏ இன்புட்டுக்கு.
பவர்: 8 கேஜ், அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயர்.
வண்டி: ஹேட்ச்பேக். பெட்டி பின்சீட்டை ஒட்டி, சப் பின்பக்கம் பார்த்து இருக்கிறது.

வால்யூம் அதிகபட்சம் 38. 12 வரை பேஸ் நன்றாக இருக்கிறது. 20-ஐத் தாண்டினால் 'டப் டப்' என்று மேல் பேஸ் மட்டும் வருகிறது, அடியில் உருளும் சத்தம் சுத்தமாக இல்லை. ஆம்பில் பேஸ் பூஸ்ட்டை முழுக்கத் திருப்பினால் கொஞ்சம் வருகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் காயில் சூடாகும் வாடை. பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா, 2 ஓம் சப்புக்கு மாற வேண்டுமா?


மீட்டர்முள் எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பேஸ் பூஸ்ட்டை உடனே பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் குமிழ் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸைச் சுற்றி 9 அல்லது 12 டெசிபல் ஏற்றும். 9 டெசிபல் என்றால் அந்த இடத்தில் 8 மடங்கு பவர், 12 என்றால் 16 மடங்கு. 300 வாட் ஆம்பிடம் அது கிடையாது. ஆம்ப் கிளிப் ஆகிறது (எல்லையைத் தாண்டுவதால் அலையின் முனை வெட்டுப்படுகிறது), காயில் சுடுகிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறி ஸ்டீரியோ செய்யும் வேலை போலத்தான் தெரிகிறது. கதவில் இருக்கும் மெல்லிய ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏறத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக்கொண்டே போகும்படி பல கம்பெனி ஸ்டீரியோக்களை அமைத்திருப்பார்கள். வராத சிக்னலை எந்த ஆம்பும் பெரிதாக்க முடியாது. ஆகவே பேஸ் எந்த இடத்தில் தொலைகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் ஒன்று போதும்.

200 ஹெர்ட்ஸ், 40 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட ஒலி) இரண்டை ஒரே லெவலில், மைனஸ் 10 டெசிபல் அளவில், யுஎஸ்பியில் போட்டுக்கொள்ளுங்கள். போனிலிருந்து ப்ளூடூத் வேண்டாம். போனின் ஈக்வலைசர் குறுக்கே வந்து குழப்பும். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் பூஜ்யம், லவுட்னஸ் ஆஃப், சரவுண்ட் ஆஃப், வேகத்துக்கு ஏற்ப ஏறும் வால்யூம் ஆஃப், ஃபேடர் (முன்-பின் சமநிலை) நடுவில். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவில் அளக்கவும். மைனஸ் ஒயரைப் பாடியோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். இந்த ஸ்டீரியோக்களில் இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய 6 வோல்ட் டிசி நிற்கும். ஒன்றை எர்த் செய்தால் அவுட்புட் ஐசி போய்விடலாம்.

வால்யூம் 10, 20, 30 மூன்றிலும், முன்கதவு, பின்கதவு இரண்டிலும் எடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம், இணைப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும். 30-ல் டோனை மூன்று நான்கு நொடிக்கு மேல் ஓடவிடாதீர்கள். கடைசியாக வால்யூம் 20-ல் எல்ஓசிக்குப் பின்னால், ஆர்சிஏ முனையில் ஒருமுறை. 30 ஹெர்ட்ஸில் அளக்கச் சொல்லாததற்குக் காரணம், எளிய மீட்டர்கள் பல 40, 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகக் காட்டாது.


வளைவுசாலை எழுதியது:

அளந்தது இது. 200 ஹெர்ட்ஸ் முதலில், 40 ஹெர்ட்ஸ் அடுத்து, எல்லாம் வோல்ட்டில்.

முன்கதவு: வால்யூம் 10-ல் 0.9 / 0.9. 20-ல் 2.6 / 1.7. 30-ல் 6.1 / 1.6.
பின்கதவு: 10-ல் 0.9 / 0.5. 20-ல் 2.5 / 0.9. 30-ல் 5.9 / 0.85.
ஆர்சிஏ, வால்யூம் 20-ல்: 1.2 / 0.27.

முன்கதவில் 20-லிருந்து 30-க்குப் போனால் 40 ஹெர்ட்ஸ் ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்குகிறது. மீட்டர் தவறா?


மீட்டர்முள் எழுதியது:

மீட்டர் சரி. உங்கள் பேஸ் மூன்று இடத்தில் தொலைகிறது, அதில் இரண்டு உங்கள் இணைப்பில்தான்.

முதலாவது, பின்கதவு. வால்யூம் 10-லேயே அங்கே 40 ஹெர்ட்ஸ் 5 டெசிபல் குறைவு. முன்கதவில் குறைவே இல்லை. அதாவது பின்கதவுக்கு நிரந்தரமாக ஒரு ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போட்டிருக்கிறார்கள். ஒயர் எட்டுவது எளிது என்று பின்கதவிலிருந்து எடுப்பது வழக்கம், ஆனால் பல வண்டிகளில் அந்தச் சேனலில்தான் பேஸ் குறைவு.

இரண்டாவது, எல்ஓசி. உள்ளே 2.5 வோல்ட் போய் 1.2 வருகிறது என்றால், 0.9 போனால் 0.43 வர வேண்டும். வந்தது 0.27. இன்னொரு 4 டெசிபல் போச்சு. சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த எல்ஓசியில் இது இயல்பு. அதே வோல்டேஜுக்கு அதிர்வெண் பாதியானால் கோர் இரட்டிப்புக் காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டும், குண்டுமணி சைஸ் கோருக்கு அது முடியாது. 30 ஹெர்ட்ஸில் இதைவிட மோசமாக இருக்கும்.

மூன்றாவது, ஸ்டீரியோவே வால்யூமுக்கு ஏற்ப வெட்டுவது. முன்கதவில் 20-ல் கிட்டத்தட்ட 4 டெசிபல், 30-ல் 11, 12.

வால்யூம் 20-ல் ஆம்புக்குள் போவதைக் கணக்கிட்டால் 40 ஹெர்ட்ஸ் மொத்தம் 13 டெசிபல் கீழே இருக்கிறது. ஆம்பை 600 வாட்டாக மாற்றினால் கிடைப்பது 3 டெசிபல். முன்கதவு ஒயருக்கு மாறி, எல்ஓசியைத் தூக்கிவிட்டு ஆம்பின் ஹை-லெவல் சாக்கெட்டில் நேராகக் கொடுத்தால் கிடைப்பது 9 டெசிபல், அதாவது 8 மடங்கு பவர் போட்டதற்குச் சமம். செலவு நாலு ஒயர்.

ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரிலேயே முன் இடது, முன் வலது நான்கு ஒயரும் கிடைக்கும், கதவு வரை போக வேண்டியதில்லை. முறுக்கிய ஜோடி ஒயர் பயன்படுத்துங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் மோனோ சப்பில் இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்து பேஸே வராது. அதைப் பார்த்து ஆம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மாற்றும் முன் கெயினை (சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் குமிழை) முழுக்கக் குறைத்துவிடுங்கள், சிக்னல் அளவு திடீரென்று ஏறும். பல ஆம்ப்கள் ஹை-லெவலில் அந்த 6 வோல்ட் டிசியைப் பார்த்தே ஆன் ஆகும், அப்படியிருந்தால் ஆம்பை ஆன் செய்யும் தனி ரிமோட் ஒயரும் மிச்சம்.

இன்னொன்று. வண்டியில் எஞ்சின் இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி இருக்கிறதா பாருங்கள். கூரைத் துணியில் மைக் இருக்கும். அது சப்பின் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து எதிர்ச் சத்தம் அனுப்பும். ஸ்டீரியோ ஆஃப் ஆனாலும் ஓடும். பாட்டு நின்ற பிறகும் ஒரு முனகல் நீடித்தால் அந்த மைக் கனெக்டரைக் கழற்றிவிடுவதுதான் வழி.


பலகைப்பெட்டி எழுதியது:

மேலே சொன்னதைச் செய்வதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இதுவரை உங்கள் சப்புக்கு 30 ஹெர்ட்ஸ் சரியாகப் போகவே இல்லை, அதனால்தான் அது பிழைத்திருக்கிறது. உங்கள் குழாய் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பெட்டியின் ட்யூனிங் (குழாய்க் காற்று ஒத்ததிரும் அதிர்வெண்) 43 ஹெர்ட்ஸ் வருகிறது. போர்ட்டட் பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று அழுத்தம் இல்லை, ஓட்டைப் பெட்டி மாதிரிதான். 9 டெசிபலைத் திரும்பக் கொடுத்ததும் 30 ஹெர்ட்ஸில் கோன் எகிறி, காயில் பின்தகட்டில் 'டக்' என்று இடிக்கும். முதல் நாளே சப் போய்விடலாம். ஒயரை மாற்றும்போதே ஆம்பின் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) 36, 37 ஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள்.

அப்படி வைத்தால் டீப் பேஸ் வராதே என்பீர்கள். ஆமாம், 43-ல் ட்யூன் செய்த பெட்டி அதற்காகச் செய்ததில்லை. கடை அலமாரியில் சத்தமாகக் கேட்கவும், டிக்கியில் அடங்கவும் ரெடிமேட் பெட்டிகளை இப்படி உயரமாக ட்யூன் செய்கிறார்கள். 33 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம், குழாயை நீட்டினால் போதும்.

வட்டக் குழாய் ஒன்றுக்கான சூத்திரம்: 23562 ஐ குழாய் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை (ட்யூனிங்கின் வர்க்கம் × லிட்டர்) என்பதால் வகுத்து, கடைசியில் விட்டத்தின் 0.732 பங்கைக் கழிக்க வேண்டும். விட்டம் செ.மீ.-ல். உங்களுக்கு 23562 × 100 ÷ (33 × 33 × 50) = 43.3. அதில் 7.3 கழித்தால் 36 செ.மீ. இப்போது 18 இருக்கிறது, அதே விட்டத்தில் இன்னொரு 18 சேர்க்க வேண்டும்.

குழாயின் உள்முனைக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவில் குறைந்தது குழாயின் விட்டம் அளவு, அதாவது 10 செ.மீ. இடைவெளி வேண்டும். நேராக 46 செ.மீ. இடம் இல்லையென்றால் வளைவு போட்டுத் திருப்புங்கள், நீளத்தை நடுக்கோட்டில் அளந்து. குழாய் கூடுதலாக அடைக்கும் இடம் ஒன்றரை லிட்டர் சொச்சம்தான், கணக்கில் விட்டுவிடலாம். 300 வாட்டுக்கு 10 செ.மீ. விட்டம் சற்றுக் குறுகல். முழுச் சத்தத்தில் 'புஸ் புஸ்' என்று காற்று இரையும். இரண்டு முனையிலும் விரிந்த வாய் வைத்தால் அது கணிசமாகக் குறையும்.

முடித்த பிறகு சரிபார்க்க, குறைந்த சத்தத்தில் 50 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வாருங்கள். கோன் எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவாக அசைகிறதோ, அப்போது குழாயிலிருந்து காற்று பலமாக வருகிறதோ, அதுதான் ட்யூனிங். 33-க்குப் பக்கத்தில் வந்தால் சப்சோனிக்கை 27, 28-க்கு இறக்கலாம்.


செம்புக்கம்பி எழுதியது:

போர்ட்டை நீட்டுவதைவிட மூடிய பெட்டிக்குப் போவதே மேல் என்பது என் கட்சி. 12 அங்குலத்துக்கு 25 முதல் 35 லிட்டர் போதும். வண்டிக்குள் கேபின் கெயின் என்று ஒன்று இருக்கிறது. உள்நீளம் 2.7 மீட்டர் என்றால் 343 ÷ 5.4, அதாவது சுமார் 63 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை அந்த இடத்தில் அடங்காது, மொத்தக் கேபினும் ஒரே அழுத்த அறையாக நடந்துகொள்ளும். கோட்பாட்டின்படி கீழே இறங்கும் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம்) 12 டெசிபல் ஏறும். கண்ணாடி, தகடு, இடுக்கு வழியாகக் கசிவதால் நடைமுறையில் குறைவு. மூடிய பெட்டி அதே 12 டெசிபல் வீதத்தில் இறங்குவதால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகி, 25, 30 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக வரும். சப்சோனிக் பற்றிய கவலையும் குறைவு.


பலகைப்பெட்டி எழுதியது:

கேபின் கெயின் போர்ட்டட் பெட்டிக்கும்தான் சேர்கிறது. 300 வாட்தான் இருக்கிறது. 35 ஹெர்ட்ஸ் பக்கம் மூடிய பெட்டியில் அதே சத்தம் வர இன்னும் நிறைய பவரும் கோன் ஓட்டமும் கேட்கும். பவர் தாராளமாக இருந்தால் உங்கள் கட்சிக்கு வருகிறேன். இவரிடம் பெட்டி ஏற்கனவே இருக்கிறது, 18 செ.மீ. குழாய்தான் தேவை.


செம்புக்கம்பி எழுதியது:

அது நியாயம்தான். பவர் ஒயர் பற்றி யாரும் பேசவில்லை, அதனால்: 300 வாட் கிளாஸ் டி, 80 சதவீதத் திறன் என்று வைத்தால் உச்சத்தில் 28 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் 8 கேஜ் செம்பில் 0.3 வோல்ட் விழும், உங்கள் செம்பு பூசிய அலுமினியத்தில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி 14-லிருந்து 12 வோல்ட்டுக்கே இறங்கினாலும் நஷ்டம் சுமார் 1.3 டெசிபல்தான். ஆகவே கெப்பாசிட்டர், பெரிய ஒயர் எல்லாம் இந்தக் குறைக்கு மருந்தில்லை. 2 ஓம் சப்பும் அப்படித்தான்.

ஆனால் பாதுகாப்பு வேறு விஷயம். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயர் அரை மீட்டருக்குள், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில், சீட்பெல்ட் போல்ட்டில் மாட்டாமல். அலுமினிய ஒயர் திருகுக்கடியில் நாளாக ஆகத் தளரும், வருடத்துக்கு ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

பெட்டி வைத்திருக்கும் இடமும் சரியில்லை. பின்சீட்டை ஒட்டி, பின்பக்கம் பார்த்து, சப்புக்கும் டிக்கிக் கதவுக்கும் ஒரு மீட்டர் இருந்தால், மோதித் திரும்பும் அலை 2 மீட்டர் அதிகம் பயணிக்கிறது. 86 ஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலை. கதவு ஸ்பீக்கரும் சப்பும் கை மாற்றும் இடத்தில் பள்ளம் விழும். பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தி, சப் டிக்கிக் கதவிலிருந்து 20, 30 செ.மீ. தள்ளி இருக்கும்படி வையுங்கள். பள்ளம் சப்பின் எல்லையைத் தாண்டி மேலே போய்விடும்.

அதன் பிறகு ஃபேஸ் சோதனை. சப்பும் கதவு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்கின்றனவா என்று பார்ப்பது. லோ-பாஸை (மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரை) 80-ல் வைத்து, 70 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, கதவெல்லாம் மூடி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். சப்பின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. பெட்டியை நகர்த்தினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.


மீட்டர்முள் எழுதியது:

கெயின் கடைசி வேலை. சப்பைக் கழற்றிவிட்டு, ஆம்ப் அவுட்புட்டில் மீட்டர். 300 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் டோன் வைத்து அந்த அளவு வரும்வரை கெயினைத் திருப்பச் சொல்வார்கள். உங்கள் ஸ்டீரியோவில் இதை வால்யூம் 30-ல் செய்யாதீர்கள். அங்கே பேஸ் வெட்டப்பட்டிருப்பதால் கெயின் எக்கச்சக்கமாக ஏறும். பிறகு வால்யூம் 15-லேயே ஆம்ப் கிளிப் ஆகும், காது அடைக்கும். 20-ல் வையுங்கள், 22-ஐ உங்கள் உச்சமாகக் கொள்ளுங்கள்.

அதற்கு மேல் சத்தம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஆடியோகன்ட்ரோல் எல்சி2ஐ போல, வெட்டிய பேஸை ஓரளவு திருப்பித் தரும் அக்யூபேஸ் மாதிரி சர்க்யூட் கொண்ட ஆக்டிவ் எல்ஓசி. ஆனால் 30-ல் போன 11 டெசிபலை அதில் முழுக்க ஈடுகட்டினால் 10-ல் பேஸ் வழியும், பாதிதான் திருத்த முடியும். எனக்குச் சரியாகப் படுவது இரண்டாவது வழி: கதவு ஸ்பீக்கர்களுக்கும் நான்கு சேனல் ஆம்ப் ஒன்று வைத்துவிடுவது. அப்போது ஸ்டீரியோ 15-ஐத் தாண்டவே தேவையில்லை, பேஸ் வெட்டும் இடத்துக்கே போகாது. கதவுக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸும் கிடைக்கும். சின்ன இரைச்சல் கூடும், ஓடும் வண்டியில் காதில் விழாது.


வளைவுசாலை எழுதியது:

முன்கதவு ஒயர், ஹை-லெவல், குழாய் 36 செ.மீ., பெட்டி டிக்கிக் கதவுப் பக்கம், ஃபேஸ் தலைகீழ். கோன் அசைவு குறையும் இடம் 34 ஹெர்ட்ஸில் வந்தது, சப்சோனிக் 28. வால்யூம் 20-ல் இப்போது அடி பேஸ் முழுசாக வருகிறது, பூஸ்ட் பூஜ்யத்தில்தான். ஆனால் 31-லிருந்து 38 ஹெர்ட்ஸ் வரை பின்னால் எதுவோ கடகடக்கிறது, சப்பா வண்டியா என்று தெரியவில்லை.


பலகைப்பெட்டி எழுதியது:

அந்த டோனை ஓடவிட்டு ஒருவர் வெளியே நின்று டிக்கிக் கதவு, நம்பர் பிளேட், பின் வைப்பர் கை, பார்சல் தட்டு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கட்டும். எதை அழுத்தினால் நிற்கிறதோ அதுதான். நம்பர் பிளேட் என்றால் பின்னால் ஃபோம் துண்டு நான்கு. தகடு அதிர்ந்தால் 2 மி.மீ. ப்யூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டு ரப்பர்), முழுக்க ஒட்டத் தேவையில்லை, தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் பகுதியின் நடுவில் கால்பங்கு பரப்பு போதும். பிளாஸ்டிக் ட்ரிம் தகட்டில் இடித்தால் ப்யூட்டைல் உதவாது, கிளிப்புகளைச் சுற்றித் துணி டேப் சுற்ற வேண்டும். எதை அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பெட்டிக்குள் புதிதாகச் சேர்த்த குழாயின் ஒட்டு விட்டிருக்கும். சப்பைக் கழற்றிக் குழாயைக் கையால் அசைத்துப் பாருங்கள், வளைவு போட்டிருந்தால் அதற்கடியில் ஒரு முட்டுக் கட்டை வேண்டும்.